நிமிடத்துக்கு நூற்று நாற்பது

இன்னும் பதினொரு தரிப்பிடம் இருக்கிறது. கீழ்த்தட்டில் இரண்டு குழந்தை வண்டிலும் ஒரு சக்கர நாற்காலியும் இடத்தைப் பிடித்துக்கொண்டதால் மேலே ஏறவேண்டி வந்தது, மற்றப்படி நான் பஸ்ஸில் மேல்தட்டுக்கு ஏறுகிற ஆள் இல்லை. பின்பக்கம் முழுக்கப் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள். பொரித்த கோழி மணம், வினிகர் மணம், ஈரக் கோட்டு மணம். மணி நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கிறது. என் மகள் ஆரணியின் நிகழ்ச்சி ஐந்தரைக்கு, கிழக்கு லண்டனில், ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒரு பெரிய மண்டபத்தில், முன்வரிசையில் எனக்கும் அவளுடைய அப்பாவுக்கும் இரண்டு கதிரை. அவர் வேலை முடித்து நேரே வருவார். நான் மருந்துக்கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்து, மாம்பழ நிறச் சேலையை வெளியே எடுத்து, திரும்ப மடித்து வைத்துவிட்டு, கறுப்புக் காற்சட்டையும் சாம்பல் கம்பளிச் சட்டையுமாகப் புறப்பட்டேன். எந்த உடுப்பில் போனால் ஆட்களின் கண்ணில் படாமல் இருக்கலாம் என்று யோசித்து எடுத்த உடுப்பு. மகள் மேடை ஏறுகிற நாளில் தாய் யோசிக்கிற யோசனையா இது. பாட்டு நேற்றே வெளியே வந்துவிட்டது. "வந்திட்டுது அம்மா, கேளுங்கோ" என்று நீல எழுத்தில் இணைப்பு ஒன்றை அனுப்பியிருந்தாள். ஒரு நாளுக்கு மேல் ஆகிறது, நான் அதைத் தொடவில்லை. பாட்டு நல்லதா கெட்டதா என்பது எனக்குத் தெரியவேண்டியதில்லை. தெரியவேண்டியது ஒன்றே ஒன்று, அதில் என் அண்ணாவின் பெயர் இருக்கிறதா, எடுத்துவிட்டாளா. எடுக்கிறேன் என்று செவ்வாய்க்கிழமை குசினியில் நின்று சத்தியம் பண்ணினாள். எடுத்திருப்பாள். எடுத்திருந்தால் 'எடுத்திட்டன்' என்று ஒரு சொல் எழுதியிருக்கலாம்தானே, 'கேளுங்கோ' என்று மட்டும் ஏன் எழுதினாள். கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு அதைத் தெரியாததாக்க முடியாது. கைப்பைக்குள் ஃபோன் கிடக்கிறது, மூடிய பாத்திரத்துக்குள் தேள் கிடப்பதுபோல, கிடக்கிறவரைக்கும் ஒன்றும் இல்லை.

பஸ்ஸுக்குள் ஒரு பெண்குரல் அடுத்த தரிப்பிடத்தின் பெயரைச் சொல்கிறது. இந்த ஊரில் பஸ்கூடப் பெயர் சொல்லும். பஸ் எண், போகுமிடம், அடுத்த தரிப்பு, எல்லாவற்றையும் யாரும் கேட்காமலே, எந்தப் பயமும் இல்லாமல் ஒப்புவிக்கும். இருபத்துநாலு வருடமாகக் கேட்கிறேன், இப்போதும் அந்தக் குரல் வரும்போது மடியில் இருக்கிற பையை ஒருமுறை இறுக்கிக்கொள்கிறேன். ஆரணியின் பாட்டுக்காரரும் இப்படித்தான். கிரைம் என்று அந்தப் பாட்டுக்குப் பெயர். தமிழில் எழுதினால் குற்றம் என்கிற ஆங்கிலச் சொல்லுக்கும் இதற்கும் ஒரே எழுத்து வந்துவிடும், அதனால் அவளுடைய அப்பா கனடாவில் இருக்கிற தமக்கையிடம் "பிள்ளை மியூசிக் செய்யிறாள்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். உண்மையில் அதற்கு அழுக்கு என்று பொருள், குசினிப் புகைக்கூட்டில் பிடிக்கிற எண்ணெய்க் கரி. பாடுவதில்லை, பேசுவது. மூச்சு விடாமல் வேகமாகப் பேசுவது, அடியில் யந்திரம் ஓடுவதுபோல ஒரு தாளம். பேசுகிறவர்கள் தங்கள் பெயரைச் சொல்வார்கள், கூட்டாளிகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்வார்கள், தெருவின் பெயர், தபால் குறியீடு, எந்த மாடிக் கட்டடம், எத்தனையாம் மாடி, ஒன்று விடாமல். முதன்முதலில் பொருள் விளங்கிக் கேட்டபோது எனக்கு வேர்த்தது. "இவ்வளவு விபரமும் ஏன் சொல்லுகினம்? ஆர் கேட்டது?" என்றேன். "அதுதான் அம்மா இது. நான் இஞ்ச இருக்கிறன் எண்டு சொல்லுறது" என்றாள். நான் இஞ்ச இருக்கிறன். அதைச் சொல்லாமல் இருந்துதான் நாங்கள் உயிரோடு வந்து சேர்ந்தோம்.

வந்து சேர்ந்தது இரண்டாயிரத்தொன்றாம் ஆண்டு மார்கழியில். இங்கிருந்து இரண்டு மைல் மேற்கே ஒரு மாடிக்குடியிருப்பில் ஒன்பதாம் மாடி, ஒரு வீட்டில் மூன்று குடும்பம். அவர்கள் எல்லோரும் வேலைக்குப் போன பிறகு நான் தனியே இருப்பேன், வயிற்றில் ஆரணி. ஒருநாள் மத்தியானம் பக்கத்துச் சுவருக்குள் இருந்து கரகரவென்று ஒரு இரைச்சல், இரைச்சலுக்குள் ஆம்பிளைக் குரல்கள், வேகமாக, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்து, இடையில் சைரன், இடையில் சுடுகிற சத்தம். வோக்கிடோக்கி என்று நினைத்தேன். வந்துவிட்டார்கள், இங்கேயும் வந்துவிட்டார்கள், இப்போது எந்த மாடியில் யார் இருக்கிறார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். பட்டப்பகலில் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுக் குளியலறைத் தொட்டிக்குள் போய் இருந்தேன், மற்றவர்கள் வருகிறவரைக்கும். அது ரேடியோவாம். அனுமதி இல்லாத களவு ரேடியோ, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மொட்டைமாடியில் கம்பி கட்டிவிட்டுத் தங்கள் குசினியில் இருந்து பேசுகிறார்களாம். வீட்டுக்காரர் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். மறுநாளும் அந்தச் சத்தம் தொடங்கியதும் எழுந்து போய்த் தொட்டிக்குள்தான் இருந்தேன். வயிற்றுக்குள் கிடந்தவள் அங்கேயே கேட்டுப் பழகினாளோ என்னவோ.

இப்போது அந்தச் சுவருக்குள் கேட்ட சத்தத்துக்கு மண்டபம் கொடுக்கிறார்கள். முன்பு இவர்கள் கூடுகிறார்கள் என்றால் பொலிஸ் வரும் என்று மண்டபக்காரர் கதவைச் சாத்துவார்களாம், ஆரணி சொல்லித்தான் தெரியும். இப்போது பல்கலைக்கழகத்தில் ஒருவர் இதை ஆராய்ச்சி செய்கிறார். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அரைப் பக்கம் படத்தோடு வருகிறது. இன்றைக்கு வயலின்காரர் இருபது பேர் பின்னால் இருந்து வாசிக்க இவள் முன்னால் நின்று பேசப்போகிறாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்து அதிபர் சுந்தரமூர்த்தி மாஸ்டர், பேச்சுப் போட்டியில் மணி அடித்த பிறகும் நிறுத்தாமல் பேசினாள் என்று பத்து வயதில் இவளுக்குப் புள்ளி குறைத்தவர், போன மாதம் மாத்திரை எடுக்கக் கடைக்கு வந்து, "எங்கட பிள்ளையல்லோ, ஆண்டு விழாவுக்குப் பிரதம விருந்தினராக் கூப்பிடலாம் எண்டு கமிற்றி யோசிக்குது, தங்கச்சி" என்றார். "அவள் என்ன பேசுறாள் எண்டு விளங்குதோ மாஸ்டர்?" "விளங்கேல்லை. ஆனால் வேகம், நல்ல வேகம்." எல்லோருக்கும் பிடித்துவிட்டது. முன்பு பயந்தவர்கள் ஒருவரும் இப்போது பயப்படுவதில்லை, வீடு மாறிப் போகிறவர்கள் பழைய சாமானை ஒரு வாசலில் இறக்கிவிட்டுப் போவதுபோல அவ்வளவு பயத்தையும் என்னிடம் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். நிமிடத்துக்கு நூற்று நாற்பது தட்டு, அதுதான் இதன் கணக்கு, என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் விரலால் தட்டிக் காட்டினாள். "நாடி நூற்று நாப்பது வந்தால் நாங்கள் கடையிலை டொக்டரிட்டைப் போகச் சொல்லுவம்" என்றேன். அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தாள். மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துப் பார்க்கிறேன். இப்போதே அதற்குக் கிட்டத்தான் இருக்கும்.

ஒன்பது தரிப்பிடம். மூன்று கிழமைக்கு முன்னால் ஒரு ரேடியோ நிலையத்தில் பேசினாள், அந்த வீடியோவை அவளுடைய அப்பாதான் தன் ஃபோனில் காட்டினார். சின்ன அறை, நடுவில் ஒரு மைக், சுற்றிவரப் பத்துப் பதினைந்து இளம் ஆட்கள். எல்லோரும் தாளத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். தொப்பியும் கோட்டு மூடியும் முகத்தை மறைக்க, மேலும் கீழுமாக, பேசாமல். அதிலேயே நான் ஃபோனைத் தள்ளிவிடப் போனேன். பிறகு இவள் ஆங்கிலத்தில் ஓடிக்கொண்டிருந்த பேச்சை வெட்டி நிறுத்தி, தமிழில் கேட்டாள், தமிழ் தெரியாத ஒருவன் பேசுகிற தமிழில். பேர் என்ன? ஊர் என்ன? வீட்டில எத்தின ஆள்? அந்தக் குரல் எனக்குத் தெரியும். நான் செய்து காட்டிய குரல் அது. அவளுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, சாப்பாட்டு மேசையில், ஆமிக்காரர் எங்களிடம் எப்படித் தமிழ் பேசினார்கள் என்று நடித்துக் காட்டினேன், புரைக்கேறும்வரை சிரித்தோம். பயத்தை வேறு எப்படிப் பிள்ளைக்குக் கொடுக்கிறது, சிரிப்பில் சுற்றித்தான் கொடுக்கலாம். இவள் சுற்றிய தாளைப் பிரித்து எடுத்து வைத்திருந்திருக்கிறாள். வீடியோவில் கேள்விக்குப் பதிலையும் அவளே சொன்னாள். குகநேசன். பூவரசங்கேணி. அறை கொதித்து எழும்பியது. விரலைத் துப்பாக்கிபோல நீட்டிக் கூரையைப் பார்த்துக் குலுக்கினார்கள், அது பாராட்டாம். ரீலோட், ரீலோட் என்று கத்தினார்கள். இசைத்தட்டுப் போடுகிறவன் பாட்டைப் பின்னால் இழுத்து நிறுத்தினான். பிடித்த வரி ஒன்று வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு முதலில் இருந்து தொடங்குவது இவர்களுடைய வழக்கம், அதைவிடப் பெரிய மரியாதை கிடையாதாம். அவள் திரும்பத் தொடங்கினாள். திரும்ப அந்த இடம் வந்தது. குகநேசன். பூவரசங்கேணி. திரும்ப இழுத்தார்கள். என் அண்ணாவின் பெயரை மூன்று தரம். எங்களுக்கு ஒரு தரமே போதுமாக இருந்தது.

அண்ணா ஃபோன் எடுத்தது செவ்வாய்க்கிழமை காலை. அவருக்கு இடது காது கேளாது, வலது காதில் ஃபோனை வைத்துக்கொண்டு, எதிரில் இருக்கிறவருக்கும் கேளாது என்ற நினைப்பில் கத்துவார். பூவரசங்கேணிச் சந்தியில் தண்ணீர்ப் பம்ப் திருத்துகிற கடை வைத்திருக்கிறார், பின்னால் யாரோ இரும்பில் தட்டுகிற சத்தம் எப்போதும் கேட்கும். "கௌசி, உன்ர மோளின்ர பாட்டு இஞ்ச பெடியளின்ர ஃபோன் முழுக்கக் கேக்குது. எனக்கு ஒரு காதாலைதானே, பாதிதான் வரும். பாதியே போதும்." "சும்மா சொல்லாதேங்கோ அண்ணா." "சும்மா இல்லை. ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேர் வந்து கேட்டவை." "ஆர் ரெண்டு பேர்?" "மோட்டச்சைக்கிள்ளை. சாதாரண உடுப்புத்தான். தேத்தண்ணி குடிச்சவை." "என்ன கேட்டவை?" "லண்டனிலை மருமகள் இருக்கிறாவோ எண்டு. பாட்டிலை வாற ஆள் நீங்கள்தானோ எண்டு. ஊரிலை எத்தினை குகநேசன் எண்டு நான் சொன்னனான்." "பிறகு?" "பிறகு என்ன. பாட்டு நல்லாயிருக்கு எண்டு சொல்லிப்போட்டுப் போட்டினம்." இரும்பில் தட்டுகிற சத்தம். பாட்டு நல்லாயிருக்கு. சுந்தரமூர்த்தி மாஸ்டர் சொல்லலாம், ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை சொல்லலாம். மோட்டார் சைக்கிளில் வந்து தேத்தண்ணி குடித்தவர்கள் நல்லாயிருக்கு என்று சொன்னால் அது என்ன சொல். நாங்கள் கேட்டோம் என்று பொருள். திரும்பவும் கேட்போம் என்று பொருள். ஒரு தடவை ரேடியோவில் வாய் தவறி வந்த பெயர் என்றால், ஊரிலை எத்தினை குகநேசன் என்ற பதில் நிற்கும். வெளிவருகிற பாட்டிலும் அதே பெயர் அதே ஊர் என்றால் அந்தப் பதில் இரண்டாம் தரம் நிற்காது. அண்ணாவுக்கு இது விளங்காமல் இல்லை. விளங்கியும் கத்திச் சிரிக்கிற ஆள்.

அன்று பின்னேரம் ஆரணி வந்ததும் குசினியில் வைத்துக் கேட்டேன். "அந்தப் பேரை எடு." "ஏன்?" "எடு எண்டால் எடு." "மாமாவிட்டைக் கேட்டனான் அம்மா. ஓம் எண்டவர்." "அவர் எல்லாத்துக்கும் ஓம் எண்டுவார்." "அந்த வரிக்குத்தான் எல்லாரும் கத்துகினம்." "அதுதான் எடு எண்டுறன்." "நீங்கள்தானே பேர் என்ன ஊர் என்ன சொல்லிக் காட்டினது?" "அது பகிடிக்கு." "கேட்ட கேள்வியைத்தான் சொன்னனீங்கள். நீங்கள் என்ன பதில் சொன்னனீங்கள் எண்டு ஒருநாளும் சொல்லேல்லை." குழாயைத் திறந்துவிட்டேன். கழுவின கோப்பையையே திரும்பக் கழுவினேன். மோட்டார் சைக்கிளைப் பற்றிச் சொன்னேன், தேத்தண்ணியைப் பற்றிச் சொன்னேன், மற்றதைச் சொல்லவில்லை. அவளுடைய முகம் மாறிவிட்டது, பாவம், இருபத்துமூன்று வயது, பயம் என்றால் என்ன என்று அப்போதுதான் முதல் தரம் கையில் வாங்கிப் பார்க்கிறாள். "சரி. எடுக்கிறன்." "சத்தியமா?" "சத்தியமா. ஆனால் வேற சொல்லுப் போட மாட்டன். பேர் இருந்த இடத்தை வெறுமையா விடுவன். தாளம் மட்டும் ஓடும்." "வெறுமையா விடு. அது நல்லது" என்றேன். மணி அடித்த பிறகும் நிறுத்தாத பிள்ளை. சத்தியம் பண்ணிவிட்டு மேலே போய்க் கதவைச் சாத்தியவள், மூன்று மணித்தியாலம் அந்த ஒரு இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள். பேர் என்ன. ஊர் என்ன. பேர் என்ன. கூரை வழியாகக் கீழே கேட்டுக்கொண்டே இருந்தது. பதிலை அதற்குள் எடுத்தாளா, விட்டாளா, கூரை வழியாக அது தெரியாது.

நீங்கள் என்ன பதில் சொன்னனீங்கள். தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆவணி. விடிய முன்னம் ஆமிக்காரர் ஊரைச் சுற்றி வளைத்து எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச் சொல்லிவிட்டார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை, நல்ல வெய்யில். மாமரத்துக்குக் கீழே ஒரு ஜீப், ஜீப்புக்குள் தலையாட்டி. அந்த ஆளுக்கு எங்களிடம் வேறு பெயர் இல்லை. தலை முழுக்கச் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஆம்பிளையா பொம்பிளையா, எங்கள் வகுப்பில் படித்த ஆளா, தெரியாது. ஒவ்வொருவராக முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள், அந்தத் தலை ஆடினால் பிடித்துக்கொண்டு போகிற பக்கம், ஆடாவிட்டால் வீட்டுக்கு விடுகிற பக்கம், வாயால் ஒரு சொல் கிடையாது. எங்கள் குடும்ப அட்டையில் நாலு பேர். மைதானத்தில் நின்றது அப்பா, அம்மா, நான். மேசையில் அட்டையை வைத்துக்கொண்டு இருந்தவர் கேட்டார். பேர் என்ன? சொன்னேன். ஊர் என்ன? சொன்னேன். வீட்டில எத்தின ஆள்? மற்ற ஆள் எங்க? நான் வகுப்புத் தலைவி. காலையில் இடாப்பை விரித்து நாற்பத்திரண்டு பேரின் பெயரை, தகப்பன் பெயரோடு சேர்த்துத் தடங்காமல் வாசிக்கிறவள். பெரியவர்கள் கேட்டால் நிமிர்ந்து நின்று முழுதாகச் சொல்லவேண்டும் என்று பழகியவள், அரைகுறையாகச் சொன்னால் இருத்திவிட்டுத் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். அம்மா பக்கத்தில் நின்று என் சின்ன விரலை நசித்தா. ஏன் நசிக்கிறா என்று விளங்கவில்லை. "சிவஞானம் குகநேசன். என்ர அண்ணா. சின்னம்மா வீட்டிலை இருக்கிறார், காய்ச்சல்." யாரும் கேட்காத காய்ச்சலையும் சேர்த்து. இருக்கிறார் என்று மரியாதையாக. அரை மணித்தியாலத்தில் அவரை உடுத்த சாரத்தோடு கொண்டுவந்தார்கள், காய்ச்சலில் கண் சிவந்து, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஜீப்புக்கு முன்னால் போய் நின்றார். சாக்கு ஆடியது. ஆடியதா? சாக்கில் ஒரு இலையான் பறந்து வந்து இருந்தது, அதை ஓட்டத் தலையை அசைத்ததாகவும் இருக்கலாம். வெக்கையில் தூங்கி விழுந்ததாகவும் இருக்கலாம். தலை ஆட்டினது அது, நான் இல்லை, நான் பெயர்தான் சொன்னேன். நான் பெயரைச் சொல்லியிராவிட்டால் தலைக்கு முன்னால் நிற்க ஆள் இல்லை. அது தலையாட்டி, நான் வெறும் வகுப்புத் தலைவி. பதினாலு மாதம் தடுப்பில். ஒரு காது. அவர்கள் நேரே சின்னம்மா வீட்டுக்கு எப்படி வந்தார்கள் என்று அண்ணா இன்றுவரை கேட்கவில்லை. அம்மா சாகும்வரை சொல்லவில்லை. நான் சொல்லவேண்டியிருந்தது இரண்டு சொல். தெரியாது. இல்லை. அவ்வளவுதான்.

ஆறு தரிப்பிடம். பின்னால் ஒரு சைரன். பொலிஸ் என்று திரும்பப் போனேன், இல்லை, ஃபோன். சைரன் சுருண்டு அடங்கியதும் அடியில் தாளம் தொடங்கியது, தகரத்தில் தட்டுவதுபோல, பிறகு ஒரு பெண்குரல். என் பிள்ளையின் குரல். முன்பின் தெரியாத ஒரு பிள்ளையின் கைக்குள் இருந்து, ஈஸ்ட்ஹாம் பஸ்ஸின் மேல்தட்டில், என் பிள்ளையின் குரல். யன்னல் கண்ணாடியில் அவர்களைப் பார்க்கலாம், பச்சை நிறப் பள்ளிக்கூடக் கோட்டுப் போட்ட மூன்று பெண்பிள்ளைகள், பதினாலு வயது இருக்கும், ஒருத்தி மடியில் பொரித்த உருளைக்கிழங்குப் பெட்டி. மூன்று பேரும் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறார்கள். இறங்கிவிடலாம். மணியை அழுத்தக் கையை நீட்டினேன், கம்பியைப் பிடித்தேன், அழுத்தவில்லை. பாட்டில் ஒன்பதாம் மாடி வருகிறது, பழுதான லிஃப்ட் வருகிறது, அம்மா வெள்ளைப் பைக்குள் மாத்திரை போட்டுக் கொடுக்கிறா என்று வருகிறது, அந்த இடத்தில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். என்னைப் பற்றிச் சிரிக்கிறார்கள், நான் நாலு வரிசை முன்னால் இருக்கிறேன். இனி எத்தனை வரி. ரேடியோவில் இதற்குப் பிறகு ஆறு வரி இருந்தது. நாடியில் விரல். ஐந்து. மூச்சை எங்கே விடுகிறாள் இந்தப் பிள்ளை, சின்ன வயதில் இழுப்பு இருந்தது. மூன்று. அம்மா என் சின்ன விரலை நசிக்கிறா. பேர் என்ன? பின்னால் மூன்று பிள்ளைகளும் சேர்ந்து சொல்கிறார்கள், பேரென்னா. ஊர் என்ன? ஊரென்னா. வீட்டில எத்தின ஆள்? அதற்கு அவர்களுக்கு வாய் வரவில்லை, சும்மா ஒரு சத்தம் போடுகிறார்கள். பிறகு ஒன்றும் இல்லை. தாளம் மட்டும். எடுத்துவிட்டாள். சொன்னபடி எடுத்துவிட்டாள், என் பிள்ளை, மணி அடித்ததும் நிறுத்திவிட்டாள். ஒரு தட்டு முழுக்க நான் மூச்சு விட்டேன். அடுத்த தட்டில் பின்னால் இருந்து மூன்று குரலும் சேர்ந்து அந்த வெறும் இடத்துக்குள் கத்தின, கூகா நேசன்! பூவரா சங்கேனி!

வீடியோவைப் பார்த்துப் பாடமாக்கியிருக்கிறார்கள். பார்த்த எல்லோரும் பாடமாக்கியிருப்பார்கள். பேசுகிறவர் வரியின் கடைசியை விட்டுவிட்டு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுவதும் இவர்களுடைய வழக்கம்தான், ஆரணியின் அப்பா ஃபோனில் காட்டிய எத்தனையோ வீடியோக்களில் பார்த்திருக்கிறேன், பார்த்தும் செவ்வாய்க்கிழமை எனக்கு நினைவு வரவில்லை. வெறுமையா விடு, அது நல்லது என்றேன். அவளுக்குத் தெரிந்திருக்குமா. தெரிந்துதான் சத்தியம் பண்ணினாளா, மேலே மூன்று மணித்தியாலமாகக் கேட்டுக்கேட்டு அந்த வெறுமையின் நீளத்தைத்தான் சரிபார்த்தாளா, அல்லது என்னைப்போல அவளும் ஒன்றும் யோசிக்காமல் நல்ல பிள்ளையாகச் சொன்னதைச் செய்தாளா. பாட்டில் பெயர் இல்லை. மோட்டார் சைக்கிள்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் போட்டாலும் பெயர் இல்லை. ஐந்தரைக்கு மண்டபத்தில் எண்ணூறு பேர், முன்வரிசையில் நான், இருபது வயலின், அந்த இடம் வரும், ஆரணி வாயை மூடிக்கொண்டு நிற்பாள், எண்ணூறு பேரும் சொல்வார்கள். யாரைப் பிடித்து நீ சொன்னாய் என்று கேட்பது. எண்ணூறு பேர் சொன்னால் அது ஒருவரும் சொல்லாததுபோலத்தானா, அல்லது எண்ணூறு தரம் சொன்னதா. "ரீலோட்!" என்று ஒருத்தி கத்த, மற்றவள் விரலால் பாட்டைப் பின்னால் இழுத்துவிட்டாள். சைரன் திரும்பத் தொடங்கியது.

நான் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. உருளைக்கிழங்குப் பெட்டிக்காரி என்னைக் கண்டுவிட்டு, "சத்தம் கூடவா அன்ரி? குறைக்கட்டா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நல்ல வளர்ப்பு. "பரவாயில்லை." "அன்ரி தமிழா? இதிலை வாறது தமிழ்தானே? பேரென்னா ஊரென்னா எண்டால் என்ன?" "உன்ர பெயர் என்ன, உன்ர இடம் எது." "அவ்வளவுதானா!" என்று மற்றவள் ஏமாந்துபோய்ச் சொன்னாள், "நான் ஏதோ சண்டைக்குக் கூப்பிடுற சொல்லெண்டெல்லோ நினைச்சன்." மூன்று பேரும் சிரித்தார்கள். அவர்களுடைய கையில் அட்டை இல்லை, மேசை இல்லை, உப்பும் வினிகருமாக நாலு விரல். "அப்ப அந்த நேசன்? அது உண்மையான ஆளா அன்ரி? உங்களுக்குத் தெரியுமா?" அம்மா என் விரலை நசித்தா. இந்தத் தரம் எனக்கு விளங்கியது. இருபத்தொன்பது வருடமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பதில், பஸ் குலுங்கினபோதும் குரல் நடுங்காமல் வந்தது. "தெரியாது பிள்ளை. அப்பிடி ஒரு ஆள் இல்லை." அவள் நம்பிவிட்டாள், பெட்டியை நீட்டி ஒன்று எடுங்கோ அன்ரி என்றாள். ஓரத்தில் இருந்தவள் மட்டும், அதுவரைக்கும் என்னோடு பேசாதவள், என்னைப் பார்த்துக்கொண்டே கூட்டாளியின் காதில், பாட்டுக்கு மேலால் எனக்கும் கேட்கிற அளவில் சொன்னாள். "இல்லை எண்டுறா. ஆனால் தலையை ஆட்டுறா, பார்." அடியில் தாளம் ஓடிக்கொண்டிருந்தது. நான் இரண்டு கையாலும் என் தாடையைப் பிடித்துக்கொண்டேன்.